கலெக்டர் அறையில் முடிந்துபோகும் வழக்கு: குமரி மாவட்ட எம்.பி.க்கும் ஆறு எம்.எல்.ஏ.க்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நாடாளுமன்ற உறுப்பினர் அவர்களுக்கும், கன்னியாகுமரி, நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், விளவங்கோடு, கிள்ளியூர் தொகுதிகளின் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான்குவழித் தேசிய நெடுஞ்சாலையைப் பற்றி இந்த மாவட்டத்தில் பேச்சுக்குக் குறைவில்லை. குளத்துக்குக் குறுக்கே பாலம் வேண்டும், நிரப்ப மண் வேண்டும், டெண்டர் என்ன ஆனது என்று எல்லா மேடையிலும் கேட்கிறது. சாலை வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளைக்கு பஸ்ஸில் போய் வருகிற யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்தச் சாலைக்கு நிலம் கொடுத்தவர் "இந்த விலை பத்தாது" என்று சொல்ல நினைத்தால் எங்கே போவார், போன இடத்தில் என்ன நடக்கும் என்பதை யாரும் அதிகம் பேசுவதாகத் தெரியவில்லை. அதைப் பேச வேண்டியவர்கள் நீங்கள்.

நான் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். நாகர்கோவில், இரணியல், பத்மநாபபுரம், குழித்துறை என்று நில எடுப்பு வழக்குக் கட்டுகளைச் சுமந்தே பாதி ஆயுசு போயிற்று. சட்டம் படித்தவன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் எந்தக் கதவு திறக்கும், எது திறக்காது என்று தெரியும்.

பழைய ஏற்பாட்டிலிருந்து தொடங்குகிறேன். 1894ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் வெள்ளைக்காரன் போட்டது. அதில் குறை ஏராளம். அரசு நினைத்தால் அவசரம் என்று சொல்லி ஆட்சேபணையைக்கூடக் கேட்காமல் எடுத்துவிடலாம். ஆனாலும் அதில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. அதிகாரி போட்ட விலை பிடிக்காவிட்டால் 18ஆம் பிரிவில் ஒரு மனு. அது சிவில் கோர்ட்டுக்கு எல்.ஏ.ஓ.பி. (நில எடுப்பு மூல மனு) என்ற நம்பரோடு வரும். நீதிபதி முன்னால் பக்கத்து நிலத்தின் கிரய ஆதாரத்தை (விற்பனைப் பத்திரத்தை) தாக்கல் செய்யலாம், சாட்சியைக் கூண்டில் ஏற்றலாம், அதிகாரியைக் குறுக்கு விசாரணை செய்யலாம். நீதிபதி தானே விலையைக் கூட்டித் தீர்ப்பு எழுதலாம். ஒருவர் வழக்குப் போட்டுக் கூடுதல் விலை வாங்கிவிட்டால், வழக்கே போடாத பக்கத்துக்காரரும் 28ஏ பிரிவில் மூன்று மாதத்துக்குள் அதே விலையைக் கேட்கலாம். ஏழைக்கும் எழுத்தறியாதவருக்கும் அது பெரிய துணை.

அப்புறம் பணம் வாங்குவது தனிக் கதை. தீர்ப்பு வந்தும் அரசு பணம் கட்டாது; நிறைவேற்று மனு போட்டு, அமீனாவைக் கூட்டிக்கொண்டு அரசு அலுவலக நாற்காலி மேசையையும் ஜீப்பையும் ஜப்தி செய்யப் போவார்கள். தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் இந்தச் செய்தி பழகிப்போன ஒன்று. சிரிப்பாக இருக்கும். ஆனால் ஜப்தி செய்வதற்கு முதலில் ஒரு நீதிபதியின் தீர்ப்பு கையில் இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுப்பது வேறு வழி. 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைச் சட்டம், 1997 திருத்தத்தோடு. நிலம் எடுக்கப் போகிறோம் என்று சொல்லும் 3ஏ அறிவிப்பு வந்த 21 நாளுக்குள் ஆட்சேபணை. பிறகு 3டி அறிவிப்பு கெஜட்டில் வந்த நிமிடமே நிலம் மத்திய அரசுக்குச் சொந்தம். விலையை நில எடுப்புக்கான தனி அதிகாரி நிர்ணயிப்பார். அது பத்தாவிட்டால் 3ஜி(5) பிரிவின்படி மத்திய அரசு நியமிக்கும் நடுவரிடம் போக வேண்டும். அந்த நடுவர் யார்? நம் மாநிலத்தில் மாவட்ட கலெக்டர். அவர் தீர்ப்பிலும் திருப்தி இல்லையென்றால்தான் மாவட்ட நீதிமன்றம், அதுவும் 1996ஆம் ஆண்டின் சமரசச் சட்டத்தின் 34ஆம் பிரிவில்.

கேட்பதற்கு முறையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 34ஆம் பிரிவில் போகும் நீதிபதியின் கை கட்டப்பட்டிருக்கிறது. நடுவரின் தீர்ப்பை அவர் ரத்து செய்யலாம். விலையைக் கூட்டி எழுத முடியாது. இதைத் தெளிவாகச் சொன்ன உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 2021 ஜூலையில் வந்த ஹக்கீம் வழக்கு. அது நம் தமிழ்நாட்டு வழக்கு என்பதால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நெடுஞ்சாலைக்கு எடுத்த நிலத்துக்கு வழிகாட்டி மதிப்பை (பத்திரப் பதிவுக்கு அரசு வைக்கும் விலை) வைத்து அதிகாரி போட்ட விலை, சதுர மீட்டருக்கு 46.55 ரூபாயிலிருந்து 83.15 ரூபாய் வரை. நடுவராக இருந்த கலெக்டர் அதை அப்படியே உறுதி செய்தார். மாவட்ட நீதிமன்றம் 645 ரூபாயாகக் கூட்டியது.

நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். ஒரு சென்ட் என்பது ஏறக்குறைய 40.47 சதுர மீட்டர். அப்படியானால் அதிகாரியும் கலெக்டரும் போட்டது சென்ட் ஒன்றுக்குச் சுமார் 1,900 முதல் 3,400 ரூபாய். நீதிபதி போட்டது சுமார் 26,100 ரூபாய். ஒரே நிலம், ஒரே கட்டு, ஒரே ஆதாரங்கள். பார்த்த கண் மட்டும் வேறு.

உச்ச நீதிமன்றம் என்ன செய்தது? மாவட்ட நீதிபதிக்கு அப்படிக் கூட்ட அதிகாரமே இல்லை என்று சட்டத்தை விளக்கியது; ஆனால் அந்தக் குறிப்பிட்ட நில உடைமையாளர்களின் தொகையில் கைவைக்க மறுத்துவிட்டது. அவர்கள் தப்பித்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். 2025 ஏப்ரலில் ஐந்து நீதிபதிகள் அமர்வு காயத்ரி பாலசாமி வழக்கில் கொஞ்சம் தளர்த்தியது. கணக்குப் பிழையைத் திருத்தலாம், தீர்ப்புக்குப் பிந்தைய வட்டியை மாற்றலாம், தனியே பிரித்தெடுக்கக்கூடிய பகுதியை நீக்கலாம். சென்ட் விலை குறைவு என்பதை அந்தச் சந்துக்குள் நுழைப்பது லேசான காரியம் இல்லை. ஆக, ஜெயித்தாலும் என்ன கிடைக்கும்? தீர்ப்பு ரத்து. பிறகு மறுபடி நடுவரிடம். அந்த நடுவர் யார் என்று மறுபடி சொல்ல வேண்டியதில்லை.

கலெக்டர்கள் மீது எனக்கு எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. அவர்களுக்கு இருக்கும் வேலையைப் பாருங்கள். தேர்தல், மழை வெள்ளம், குறைதீர் நாள், வி.ஐ.பி. வருகை. இதற்கு நடுவில் நில எடுப்பைச் சீக்கிரம் முடித்துக்கொடு என்று மேலிருந்து நெருக்குவதும் அவரைத்தான். காலையில் "நிலத்தை இன்னும் ஏன் ஒப்படைக்கவில்லை" என்று ஆய்வுக் கூட்டம் நடத்துகிறவரே, மத்தியானம் "இந்த நிலத்துக்கு இன்னும் எவ்வளவு கொடுக்கலாம்" என்று நடுநிலையோடு உட்கார வேண்டும். எந்த மனிதருக்கும் இது நியாயமான வேலை கிடையாது. இரண்டு தனியார் கம்பெனிகளுக்குள் தகராறு வந்தால் ஒரு தரப்பின் ஊழியர் நடுவராக இருக்கக்கூடாது என்று சமரசச் சட்டத்துக்கு 2015இல் திருத்தமே கொண்டுவந்தோம். கலெக்டர் நெடுஞ்சாலை ஆணையத்தின் ஊழியர் இல்லையே என்று பதில் வரும். சரி, இல்லைதான். ஆனால் விலை போட்ட அதிகாரியும் வருவாய்த்துறை, அந்த விலையைச் சரிபார்ப்பவரும் வருவாய்த்துறை என்றால், நிலம் இழந்தவர் மனதில் என்ன ஓடும்?

இங்கேதான் எம்.பி. அவர்கள் கவனிக்க வேண்டும். இதை மாற்றச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்றுகூட அவசியமில்லை. 3ஜி(5) பிரிவில் "மத்திய அரசு நியமிக்கும் நடுவர்" என்றுதான் இருக்கிறது. கலெக்டர் என்று எங்குமே இல்லை. ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி ஒருவரை நம் மாவட்டத்துக்கு நடுவராக நியமிக்க ஓர் அறிவிக்கை போதும். சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மனது வைத்தால் நடக்கும். நாடாளுமன்றத்தில் பெரிய விவாதம் வேண்டாம். கேள்வி நேரத்தில் ஒரு கேள்வி, அமைச்சருக்கு ஒரு கடிதம். நடுவர் முன் நம் மாவட்டத்தில் எத்தனை மனுக்கள் நிலுவையில் இருக்கின்றன, எத்தனையில் விலை கூட்டப்பட்டது என்ற கணக்கையும் அதே கேள்வியில் கேட்டுவிடுங்கள். கூட்டப்பட்டவை மிகக் குறைவு என்று பதில் வந்தால், அடுத்த கேள்வியை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாநில அரசு பஸ் நிலையத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ 2013ஆம் ஆண்டின் புதிய நில எடுப்புச் சட்டத்தில் நிலம் எடுத்தால், விலைத் தகராறு மாவட்ட நீதிபதியாகவோ வக்கீலாகவோ அனுபவம் உள்ளவர் தலைமையிலான ஆணையத்துக்குப் போகிறது. அதே ஏலாவில் (வயல்வெளியில்), வேலிக்கு அந்தப் பக்கம் நெடுஞ்சாலைக்கு எடுத்த வயலுக்கு கலெக்டர். எதற்காக எடுக்கிறார்கள், யார் எடுக்கிறார்கள் என்பதை வைத்து நில உடைமையாளர்களுக்குள் பாகுபாடு காட்டக்கூடாது என்று நாக்பூர் நகர மேம்பாட்டு அறக்கட்டளை வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு சொல்லி ஐம்பது வருடம் ஆகிறது. அதை வைத்துத்தான் 2019 செப்டம்பரில் தர்சேம் சிங் வழக்கில், நெடுஞ்சாலைக்கு நிலம் கொடுத்தவருக்கும் ஆறுதல் தொகையும் (வக்கீல்கள் சொலேஷியம் என்பார்கள்) வட்டியும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. அது பழைய நில எடுப்புகளுக்கும் பொருந்தும் என்று 2025 பிப்ரவரியில் உறுதிப்படுத்தியது. பணத்தில் பாகுபாடு கூடாது என்றால், அந்தப் பணத்தை யார் தீர்மானிக்கிறார் என்பதில் மட்டும் பாகுபாடு ஏன்? சிறப்பு ரயில் திட்டம் என்று அறிவித்து எடுக்கும் நிலத்துக்கும் ரயில்வே சட்டத்தின் 20எஃப் பிரிவில் இதே ஏற்பாடுதான் இருக்கிறது. நம் மாவட்டத்தில் இரட்டைப் பாதை வேலையும் நடப்பதால் இதையும் சேர்த்தே சொல்கிறேன்.

விலை எப்படிக் குறைகிறது என்று கேட்பீர்கள். நடுவரின் கையில் வழிகாட்டி மதிப்பும் கிரய ஆதாரங்களில் எழுதிய விலையும்தான் இருக்கின்றன. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 11 சதவீதம் இருந்த காலத்தில், உண்மை விலையை ஆதாரத்தில் எழுதியவர் எத்தனை பேர்? ஊர் முழுக்க வழிகாட்டி மதிப்புக்கே எழுதினார்கள். அந்த வழிகாட்டி மதிப்பையும் 2017 ஜூனில் அரசு 33 சதவீதம் குறைத்தது. வாங்குகிறவருக்குச் சந்தோஷம்தான். அந்த நேரத்தில் நிலம் இழந்தவருக்குக் கணக்கு அங்கேயே அடிபட்டுப் போனது. பழைய எல்.ஏ.ஓ.பி. காலத்தில் இந்த ஓட்டையை நீதிபதிகள் சாட்சியத்தால் அடைப்பார்கள். ஸ்கூல் எவ்வளவு தூரம், மெயின் ரோடு எவ்வளவு தூரம், வீட்டடி மனையாக மாறும் தகுதி இருக்கிறதா என்று கேட்டு விலை போடுவார்கள். கலெக்டர் அறையில் அதற்கு நேரம் கிடையாது.

நம் மாவட்டத்துக்கே உரிய இன்னொரு சிக்கல் இருக்கிறது. 2013 சட்டம் கிராமப்புற நிலத்தின் சந்தை மதிப்பை 1 முதல் 2 வரையுள்ள ஒரு எண்ணால் பெருக்கச் சொல்கிறது. நகர்ப்புறத்துக்கு வெறும் 1தான். குமரியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பேரூராட்சி. அரசுக் கணக்கில் அது நகர்ப்புற உள்ளாட்சி. உள்ளே போய்ப் பார்த்தால் ரப்பரும் மரச்சீனியும் ஏத்தன் வாழையும் நிற்கும். பேரூராட்சி எல்லைக்குள் ரப்பர் வெட்டிப் பிழைத்தவர் அந்தப் பெருக்கலை இழக்கிறார். எல்லைக்கு அப்பால் ஊராட்சியில் இருப்பவருக்குக் கிடைக்கிறது. சட்டம் எழுதியவர்களுக்கு நம் மாவட்டம் ஞாபகத்தில் இருந்திருக்காது. நிலத்தின் தன்மையை வைத்து அந்த எண்ணைத் தீர்மானிக்கும்படி விதியை மாற்றச் சொல்லி மாநில அரசிடம் கேட்பது எம்.எல்.ஏ.க்களின் வேலை.

2011 கணக்கெடுப்பில் இங்கே ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். மாநில சராசரி 555. அதாவது ஏக்கர் கணக்கில் நிலம் வைத்திருப்பவர் அபூர்வம். ஐந்து சென்ட், எட்டு சென்ட், அதில் ஒரு வீடு, ஒரு கிணறு, நாலு தென்னை. சாலை அதில் மூன்று சென்டை எடுத்தால் மீதியில் என்ன செய்வது? வீட்டின் ஒரு பகுதியை மட்டும் எடுக்கும்போது "முழுவதையும் எடுத்துக்கொள்" என்று கேட்கும் உரிமை 1894 சட்டத்தின் 49ஆம் பிரிவில் இருந்தது, 2013 சட்டத்தின் 94ஆம் பிரிவிலும் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் அப்படியொரு பிரிவு கிடையாது. நிலம் துண்டாவதால் வரும் நஷ்டத்தையும், மீதி நிலத்துக்கு வரும் பாதிப்பையும் நடுவர் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 3ஜி(7) சொல்கிறது. ஆனால் சாலை மேட்டுக்கு அந்தப் பக்கம் சானல் தண்ணீர் வராமல் தரிசாகிப்போகும் வயலுக்கு அப்படி எத்தனை பேர் கேட்கிறார்கள்? கேட்கலாம் என்று அவர்களிடம் யார் சொல்கிறார்கள்?

நோட்டீஸ் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இங்கே பல வஸ்துக்கள் (சொத்துக்கள்) இன்னும் தாத்தா பெயரில் இருக்கும் தண்டப்பேரில்தான் (வருவாய்த்துறையின் நிலக் கணக்கில்தான்) கிடக்கின்றன. நோட்டீஸ் அவர் பெயருக்கு வரும். பேரன் சவூதியிலோ துபாயிலோ இருப்பான். நடுவரின் தீர்ப்பு கைக்குக் கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதம், தகுந்த காரணம் சொன்னால் இன்னும் 30 நாள். அதற்குள் 34ஆம் பிரிவில் மனு போட வேண்டும். 31ஆம் நாள் போனால் எந்தக் காரணத்துக்கும் கோர்ட் மன்னிக்க முடியாது. உச்ச நீதிமன்றம் 2001லேயே இதை முடித்துவிட்டது. வீட்டில் இருந்த வயதான அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கி அலமாரியில் வைத்த கவரை, மகன் லீவில் வந்து பிரித்துப் பார்க்கும்போது காலம் முடிந்திருக்கும். இப்படிப்பட்டவர்களை வக்கீல் ஆபீஸ் வாசலில் பார்த்துத் திருப்பி அனுப்புவதுதான் என் வேலையிலேயே கொடுமையான பகுதி. ஒவ்வொரு எம்.எல்.ஏ. அலுவலகத்திலும் இந்தக் கெடுவைப் பெரிய எழுத்தில் ஒட்டி வைத்தாலே பாதிப் பேர் பிழைப்பார்கள். அதற்கு எந்தச் சட்டத்திருத்தமும் வேண்டாம்.

சாலையையே நிறுத்தச் சொல்லி ஸ்டே வாங்கித் தருகிறேன் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். மக்கள் நம்பிப் பணம் கட்டுகிறார்கள். சேலம் எட்டுவழிச் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்தது. ஊரெல்லாம் வெடி வெடித்தார்கள். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த 3ஏ அறிவிப்பு செல்லும் என்றது. பொதுத் தேவை இருக்கிறதா என்பதில் கோர்ட் அரசின் வார்த்தையைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். நடைமுறை மீறப்பட்டதா, விலை நியாயமா என்பதில்தான் அதற்குப் பல் உண்டு. சொத்துரிமை 1978இன் 44ஆவது திருத்தத்தால் அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து போய் 300ஏ பிரிவில் உட்கார்ந்திருக்கிறது. அதற்குள் நோட்டீஸ், விசாரணை, காரணம் சொல்லும் உத்தரவு, நியாயமான இழப்பீடு, தாமதமில்லாத முடிவு உட்பட ஏழு உரிமைகள் அடங்கியிருக்கின்றன என்று 2024 மே மாதம் கொல்கத்தா மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் பிரித்துச் சொன்னது. விலை தகராறில் கோர்ட்டுக்கு இருந்த பல்லைப் பிடுங்கிய இடம்தான் நான் மேலே சொன்ன நடுவர் ஏற்பாடு.

எம்.எல்.ஏ.க்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். மாநில நெடுஞ்சாலைக்கு நிலம் எடுக்கும் 2001ஆம் ஆண்டுச் சட்டத்தை 2013 சட்டத்தின் பிடியிலிருந்து விலக்கிய திருத்தத்தை 2019 ஜூலையில் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. உடனே சட்டமன்றம் முன்தேதியிட்டு ஒரு புதுச் சட்டம் போட்டு அதை உயிர்ப்பித்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. ஆகவே மாநிலச் சாலைக்கு நிலம் எடுக்கும்போது சமூகத் தாக்க மதிப்பீடு கிடையாது. கோர்ட்டில் கதவு மூடிவிட்டது. இனித் திறக்க முடிந்தவர்கள் சட்டமன்றத்தில் கை தூக்குகிற நீங்கள்தான்.

இன்னொன்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நடைவழியாக இருந்ததை ரோடாக்கும்போது "ஊருக்காக இரண்டடி விட்டுக்கொடுங்க" என்று வாய்வார்த்தையில் மதிலை இடித்துவிடுவார்கள். அறிவிப்பும் இல்லை, பணமும் இல்லை. பிறகு கேட்டால் இத்தனை வருஷம் ரோடு கிடக்கிறதே என்பார்கள். அப்படித்தான் இமாசலப் பிரதேசத்தில் 1967-68 வாக்கில் எழுத்தறியாத ஒரு விதவையின் நிலத்தைச் சாலைக்கு எடுத்துக்கொண்டது அரசு. கடைசியில் "நீண்டகால அனுபோகத்தால் எங்களுக்கே சொந்தம்" என்றும் வாதாடியது. 2020 ஜனவரியில் வித்யாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தூக்கி எறிந்தது: குடிமகளின் நிலத்தை அனுபோகப் பாத்தியதையில் அரசு அபகரிக்க முடியாது, பணம் கொடு என்றது. 2022இல் சுக்தத் ரத்ரா வழக்கில், வாய்வழிச் சம்மதம் என்ற சாக்கும் தாமதம் என்ற சாக்கும் எடுபடாது என்றது. மனமுவந்து கொடுப்பவர் கொடுக்கட்டும். அதைத் தானப் பத்திரமாகப் பதிவு செய்யுங்கள். கொடுக்க மனமில்லாதவரிடம் நில எடுப்பு நோட்டீஸ் கொடுங்கள். உங்கள் தொகுதி நிதியில் போடும் ரோட்டுக்கும் இது பொருந்தும். திறப்பு விழாவுக்கு முன்னால் அந்த ஆவணத்தை ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

அடுத்த கூட்டத்தொடரில் எம்.பி. அவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டால், வரும் பதிலைத் தமிழில் அச்சடித்து மார்த்தாண்டம், தக்கலை, தோவாளை சந்தைகளில் விநியோகிக்கும் வேலையை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கல்குளம் தாலுகாவிலிருந்து
ஓய்வு பெற்ற ஒரு வக்கீல் குமாஸ்தா